முதலில் கை வலிக்கட்டும், வரலாறு அப்புறம்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பதினெட்டுப் பேர். முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாரம் உட்கார்ந்து அறுபது ஸ்லைடு தயார் செய்து, ஆண்டு, பெயர், படம் என்று வரிசையாக அடுக்கி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் ஓட்டினேன். பத்தாவது ஸ்லைடில் கொட்டாவி. பதினைந்தாவது ஸ்லைடு ஓடும்போது வெளியே தேயிலைக்குள் ஒரு காட்டெருமை வந்து நின்றது, பதினெட்டுப் பேரும் ஜன்னலுக்கு ஓடிவிட்டார்கள், நானும் வால்ட் டிஸ்னியும் மட்டும் தனியாக நின்றோம்.

அடுத்த வாரம் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், "போன வாரம் பாத்தீங்களே அந்த மாடு, அது எப்படி நடந்துச்சு? வரைஞ்சு காட்டுங்க" என்றேன். வகுப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது. இரண்டு வருஷமாக அதே பாதையில்தான் போகிறோம். மலையில், சின்ன ஊரில், பெரிய வசதி எதுவும் இல்லாமல் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று, செய்ததையும் சறுக்கியதையும் எழுதி வைக்கிறேன்.

என் கணக்கு ரொம்ப எளிது. அனிமேஷனில் வந்த முக்கால்வாசிக் கண்டுபிடிப்புகள், யாரோ ஒருவருக்குக் கை வலித்து, "இதையே எத்தனை தடவை வரையறது" என்று அலுத்துப்போனதால் வந்தவை. அந்த அலுப்பைப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு, இதே வேதனையைப் பட்ட ஒரு மனுஷர் நூறு வருஷத்துக்கு முன்னால் என்ன செய்தார் என்று சொன்னால், பெயரையும் ஆண்டையும் அவர்களே கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

தொடங்குவதற்கு

ஏ4 தாள் ஒரு கட்டு, அலுவலகத்தில் ஃபைல் போடுவதற்கு இரண்டு ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின், ஒரு மரப்பலகை, அந்த ஓட்டைக்குள் இறுக்கமாக உட்காருகிற அளவில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய இரண்டு போல்ட். போல்ட்டைப் பலகையில் பொருத்தி, தாளை அதில் மாட்டினால் எத்தனை தாள் வைத்தாலும் அசையாது. பெரிய ஸ்டுடியோக்களில் இதைத்தான் பெக் பார் என்று வைத்திருந்தார்கள். ஆனால் முதல் வாரம் இதைக் கொடுக்காதீர்கள். தாள் நழுவி, படம் துள்ளி, பிள்ளைகள் எரிச்சல்படட்டும். இரண்டாம் வாரம் பலகையைக் கொடுத்து, ராவுல் பாரே என்று ஒருவர் 1910-களில் நியூயார்க்கில் இதே பிரச்சினைக்காகத் தாளில் ஓட்டை போட்டார் என்று சொல்லுங்கள். ஒரு வரி போதும்.

லைட் டேபிள் (அடியிலிருந்து வெளிச்சம் வருகிற வரைமேசை) வாங்க வேண்டாம். எங்கள் ஊரில் மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னல் கண்ணாடி முழுவதும் ஒரே வெள்ளையாக, நிழலே இல்லாத வெளிச்சமாக இருக்கும். அதில் தாளை ஒட்டி வரையலாம். வெயில் அடிக்கிற நாளில் இது சரிவராது.

முதல் பொம்மை: வட்ட அட்டையின் ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் பறவை, இரண்டு பக்கமும் நூல் கட்டி உருட்டினால் பறவை கூண்டுக்குள் தெரியும். இதற்கு தாமட்ரோப் என்று பெயர், 1825-ல் லண்டனில் ஜான் ஏர்டன் பாரிஸ் என்ற டாக்டர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பதினைந்து நிமிஷ வேலை. கூண்டும் பறவையும்தான் வரைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எங்கள் பிள்ளைகள் ஒரு பக்கம் பஸ்ஸும் மறுபக்கம் படிக்கட்டில் தொங்குகிற ஆளும் வரைந்தார்கள். ஆள் தலைகீழாகத் தொங்கினார். மறுபக்கத்தைத் தலைகீழாக வரைய வேண்டும் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன், நீங்கள் மறக்காதீர்கள்.

அடுத்தது, கண்ணாடி முன் சுழற்றும் தட்டு. ஓரத்தில் பன்னிரண்டு கீறல், நடுவில் பன்னிரண்டு படம். படம் கண்ணாடியைப் பார்க்க, பின்பக்கமிருந்து கீறல் வழியாகப் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோ 1832-ல் செய்தார், கிட்டத்தட்ட அதே நேரத்தில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் தனியாகச் செய்தார். இதில் முக்கியமான விஷயம் கீறல். கீறலை மூடிவிட்டு நேராகப் பார்க்கச் சொல்லுங்கள், வெறும் மங்கல்தான் தெரியும். கீறல் என்ன செய்கிறது? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இருட்டு வைக்கிறது. சினிமா புரொஜெக்டரில் ஷட்டர் செய்வதும் அதையேதான். இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருங்கள், கஷ்டம்தான்.

இந்த இடத்தில் ஒன்று. "பார்த்த பிம்பம் கண்ணில் கொஞ்ச நேரம் தங்கும், அதனால்தான் படம் அசைகிறது" என்று பாடப் புத்தகம் முதல் யூடியூப் வரை எல்லோரும் சொல்வார்கள். பறவையும் கூண்டும் ஒன்றாகத் தெரிவதற்கு அந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால் அசைவுக்குப் பொருந்தாது. பிம்பங்கள் தங்கிக்கொண்டே போனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கலங்கித்தானே தெரிய வேண்டும்? இங்கே இருந்தது, அப்புறம் அங்கே இருக்கிறது, அப்படியென்றால் நகர்ந்திருக்கிறது என்று மூளை தானாக இட்டு நிரப்புகிறது. 1912-ல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இதைச் சோதனை செய்து எழுதிவிட்டார், நாம்தான் இன்னும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதைக் காட்ட இரண்டு டார்ச் போதும். இருட்டு அறையில் ஒரு அடி தள்ளி இரண்டையும் வைத்து மாற்றி மாற்றி அணைத்து எரித்தால், ஒரே வெளிச்சம் இங்கும் அங்கும் தாவுவதாகத் தெரியும்.

காட்டெருமை நடந்த கதை

பிள்ளைகள் வரைந்த காட்டெருமை எப்படி நடந்தது? முன்னங்கால் இரண்டும் ஒன்றாக, பின்னங்கால் இரண்டும் ஒன்றாக, ஆடுகுதிரை மாதிரி. அதைத் திருத்தாமல் அப்படியே ஃபிளிப் புக் ஆக்கிப் புரட்டச் சொன்னேன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் ஒரு அப்பா ஃபோனில் எடுத்திருந்த வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தோம். இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். மாடு, நாய், குதிரை எல்லாம் நிதானமாக நடக்கும்போது இந்த வரிசைதான்.

இப்போது எட்வர்ட் மைபிரிட்ஜைக் கொண்டுவரலாம். 1878-ல் கலிஃபோர்னியாவில், ஓடுகிற குதிரையை வரிசையாக வைத்த பன்னிரண்டு கேமராக்களால் படம் எடுத்தவர். குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புமா என்பது அப்போது பெரிய கேள்வி. எழும்பும் என்று தெரிந்தது. ஆனால் ஓவியர்கள் வரைந்துகொண்டிருந்த மாதிரி முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு இல்லை, நாலு காலும் வயிற்றுக்குக் கீழே மடங்கி ஒன்றுசேர்கிற நொடியில் எழும்பும். அதுவரை அத்தனை பெரிய ஓவியர்களும் தப்பாகவே வரைந்திருந்தார்கள் என்று கேட்டதும், ஆடுகுதிரை வரைந்த எட்டாம் வகுப்புப் பையனுக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

குகை ஓவியத்தில் இருந்து வரலாற்றைத் தொடங்குவது ஒரு வழக்கம். நான் செய்வதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கரிக்கையூரில் பாறை ஓவியங்கள் இருப்பதால், பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் கேட்டால் பேசுவேன். அது அனிமேஷனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன அவசரம்?

எக்ஸ்ரே ஷீட்

என் வகுப்பிலேயே நன்றாக வேலை செய்கிற பாடம் இது, அதனால் நீட்டித்தான் சொல்வேன்.

1914-ல் வின்சர் மெக்கே என்ற அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் கெர்ட்டி என்ற டைனோசரை வைத்து ஒரு படம் செய்தார். மேடையில் திரைக்குப் பக்கத்தில் அவரே நின்றுகொண்டு, "காலைத் தூக்கு" என்பார், திரையில் அது காலைத் தூக்கும். இதை முதலில் நடித்தே காட்டிவிடுங்கள். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பிள்ளைகளின் காட்டெருமையை அதில் ஓட்டி, ஒருவரை முன்னால் நிறுத்தி அதட்டச் சொல்லுங்கள். எங்களுடைய மாடு சொன்ன பேச்சைக் கேட்காமல் இரண்டு விநாடி தாமதமாகத் திரும்பியது, அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

சரி, இப்போது வலி. மெக்கே ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்தார், டைனோசரை மட்டும் வரையவில்லை, பின்னால் இருக்கிற மலையையும் பாறையையும் ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டார். உங்கள் பிள்ளைகளிடம் இருபத்துநாலு தாளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் காட்டெருமையையும் பின்னால் தேயிலை மேட்டையும், வரிசை வரிசையாகச் செடிகளையும் வரையச் சொல்லுங்கள். எட்டாவது தாளில் முனகல் தொடங்கும். பன்னிரண்டாவது தாளில் ஒரு பெண், "சார், மலை எங்கயும் போகப்போறதில்லையே, அதை எதுக்குத் திரும்பத் திரும்ப வரையணும்?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

அப்போது பைக்குள்ளிருந்து ஷீட்டை எடுத்தேன். ஏர்ல் ஹர்ட் என்பவர் அதே 1914-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இதுதான்: அசைகிறதைக் கண்ணாடி மாதிரியான ஷீட்டில் வரை, அசையாததை ஒரே ஒரு தடவை தாளில் வரைந்து கீழே வை. செல் அனிமேஷன் என்று சொல்வது இதைத்தான். அடுத்த எண்பது வருஷத்துக்குப் பக்கம் கார்ட்டூன் உலகம் ஓடியது இந்த ஷீட்டின் மேல்தான்.

ஷீட்டுக்கு எங்கே போவது? ஊட்டியில் இந்து நகர் தெரியும் அல்லவா, அந்தப் பெயரே ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ஃபிலிமின் பெயர்தான். 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம், கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஷீட்டும் அங்கே தயாரானது. இப்போது தொழிற்சாலை இல்லை. ஆனால் நீலகிரியில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் தாத்தாவின் நெஞ்செலும்பு ஒரு பழுப்பு உறைக்குள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கழுவுகிற விதம்: இதைப் பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும், வீட்டுக்கு வெளியே, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. ஒரு பிளாஸ்டிக் தட்டில் துணிக்குப் போடுகிற ப்ளீச் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஷீட்டை ஊற வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கறுப்புப் பூச்சு வழவழவென்று இளகும், ஸ்பாஞ்சால் தேய்த்தால் வழிந்து வந்துவிடும், பூச்சு இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால் திருப்பிப் போட்டும் தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்தால், லேசான நீல நிறத்தில் கண்ணாடி மாதிரி ஷீட் கிடைக்கும். ப்ளீச்சோடு கழிப்பறை கழுவும் ஆசிட் எதையும் சேர்த்துவிடாதீர்கள், விஷப்புகை வரும். கழுவின தண்ணீரில் வெள்ளி இருக்கும், ஓடையில் ஊற்ற வேண்டாம். இப்போது ஸ்கேன் சென்டர்களில் பிரிண்டரில் எடுத்துத் தருகிற புது ஷீட் இதற்குச் சரிவராது, பழைய, டார்க்ரூமில் கழுவியதுதான் வேண்டும். இவ்வளவு பாடு பட முடியாது என்றால் ஸ்டேஷனரி கடையில் ஓ.எச்.பி. ஷீட் வாங்கிக்கொள்ளுங்கள், குற்றம் இல்லை, ஆனால் தாத்தாவின் நெஞ்செலும்பு கரைந்து காணாமல் போய் அந்த இடத்தில் ஒரு மாடு நடப்பதைப் பார்க்கிற சுகம் அதில் கிடையாது.

அந்த ஷீட்டில் மார்க்கரால் கோடு, பின்பக்கம் போஸ்டர் கலர். முன்னால் கோடு, பின்னால் கலர் என்பதும் பழைய ஸ்டுடியோ வழக்கமே. படம் எடுத்து முடிந்ததும் துடைத்துவிட்டு மறுபடி பயன்படுத்துங்கள். டிஸ்னியிலும் ஆரம்ப காலத்தில் செல்களைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தினார்கள், இன்றைக்கு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகிற பொருள் அன்றைக்குப் பாத்திரம் மாதிரி கழுவப்பட்டது. கோடு போட்டதும் கலர் அடித்ததும் பெரும்பாலும் பெண்கள். அந்தக் காலத்தில் டிஸ்னியில் பெண்களை அனிமேட்டராக எடுப்பதே அபூர்வம். ரெட்டா ஸ்காட் என்பவருக்குத்தான் 1942-ல் வந்த மான்குட்டிப் படத்தில் அங்கே முதன்முதலாக ஒரு பெண் அனிமேட்டராகப் பெயர் கிடைத்தது. எங்கள் வகுப்பில் கலர் அடிக்கிற வேலை தானாகவே பெண்பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது, இந்தக் கதையைச் சொன்ன அன்றைக்குத்தான் நானே கவனித்தேன். இப்போது முறை வைத்து மாற்றிக்கொள்கிறோம்.

நிழல், தேயிலைத்தூள், கொழுந்து

லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையை வெட்டி, மூட்டுகளில் கம்பி கோத்து, கண்ணாடிக்குக் கீழே விளக்கு வைத்து 1926-லேயே முழுநீளப் படம் முடித்துவிட்டார். இன்றைக்குக் கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் அதுதான் மிகப் பழையது, டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் வந்தது 1937-ல். தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் முதலில் வேட்டிக்குப் பின்னால் விளக்கு வைத்து அட்டைப் பாவையைக் கையால் ஆட்ட விடுங்கள், பிறகு அதே பாவையைப் படுக்க வைத்து ஒவ்வொரு அசைவாக ஃபோனில் எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கே மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்படி ஒவ்வொரு அசைவாக எடுக்கிற ஸ்டாப் மோஷனை ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு படம் எடுக்கும்போது வெயில், அடுத்த படத்தில் மேகம், அதற்கடுத்ததில் பனி. ஓட்டிப் பார்த்தால் இடிமின்னல் மாதிரி வெட்டும். எங்கள் முதல் படம் அப்படித்தான் போனது, நாலு சனிக்கிழமை உழைப்பு. திரையை இழுத்து மூடி, இரண்டு எல்.இ.டி. பல்பு வைத்து, ஃபோனில் வெளிச்சத்தையும் ஃபோகஸையும் லாக் செய்துவிட்டு எடுங்கள். ஃபோனைச் செங்கல்லோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டால் ஸ்டாண்ட் தேவையில்லை.

கண்ணாடி மேல் மணலைத் தள்ளித் தள்ளிப் படம் செய்தவர் கரோலின் லீஃப். நம்மிடம் மணல் கிடையாது, தேயிலைத்தூள் இருக்கிறது. கீழே வெளிச்சம் வைத்தால் ஓரத்தில் பழுப்பாக ஒளி கசிந்து மணலை விட அழகாகவே இருக்கும். ஈரக்காற்றில் தூள் கண்ணாடியில் ஒட்டும், முந்தின நாள் வாணலியில் லேசாக வறுத்து வைத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்தில் இருக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.-யில் இருந்து கனடா போன இஷு படேல் பாசிமணிகளை நகர்த்திச் செய்த 1977-ஆம் வருஷப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது, கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் தளத்தில் இந்த மாதிரிப் படங்கள் நிறைய இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும். மணிக்குப் பதில் புளியங்கொட்டை, ராகி எதுவும் சரி. குன்றிமணி மட்டும் வேண்டாம், விஷம்.

இந்திய வரலாற்றுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். தாதாசாகேப் பால்கே 1910-களிலேயே தீக்குச்சிகளை நகர்த்திப் படம் எடுத்தார், அது நம் கைக்கு வந்து சேரவில்லை. தீப்பெட்டி வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளையே அதை எடுக்கச் சொல்லலாம், மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டு. பிறகு 1956. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் கற்ற ராம் மோகன்தான் அப்புறம் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயரெடுத்தார். 1974-ல் பீம்சைனும் விஜயா முலேயும் செய்த ஒரு ஏழு நிமிஷப் படத்தில், பறவைகள் வலையோடு சேர்ந்து பறக்கும். தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஹிந்தி தெரியாதவர்கள்கூட மெட்டை முனகுவார்கள். 1989-ல் வந்த ரஜினி படத்தில் அவரோடு கார்ட்டூன் விலங்குகள் ஆடிப் பாடியதை வீட்டில் அம்மாக்களே சொல்வார்கள், அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாக்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. கொழுந்து பறிப்பதைப் பன்னிரண்டு படத்தில் சுற்றி வருகிற மாதிரி வரையச் சொல்லியிருந்தேன். எல்லோரும் ஒரே மாதிரி வரைந்தார்கள்: கை செடிக்குப் போகும், கிள்ளும், முதுகுக் கூடைக்குப் போகும், திரும்ப வரும். ஒரு பிள்ளையின் அம்மா கூப்பிட்டுப் போக வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படிப் பறிச்சா கிலோ எப்ப தேறும்?" என்றார். அப்புறம் மேசைக்கு முன்னால் நின்று செய்து காட்டினார். இரண்டு கையும் மாறி மாறிச் செடி மேலேயே ஓடுகின்றன, கிள்ளு, கிள்ளு, கிள்ளு, கிள்ளு, உள்ளங்கை நிறைந்த பிறகுதான் ஒரே வீச்சு, தோளுக்கு மேல், திரும்பிப் பார்க்காமல். சின்னச் சின்ன அசைவு ஏழெட்டு, அப்புறம் ஒரு பெரிய அசைவு. டைமிங் என்று நான் மூன்று வாரமாக விளக்க முயன்றதை அவர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். எதை வரையச் சொன்னாலும், அந்த வேலையைச் செய்கிற ஆளை வரவழைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரைக் கடைசியில் எடுங்கள். கிரிட்டா, பென்சில்2டி, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் எல்லாம் காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள்கள். லாட்வியா என்ற சின்ன நாட்டில் பிளெண்டரில் செய்த ஒரு பூனைப் படம் 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. இந்த ஒரு தகவல் போதும், லேப்டாப் இருக்கிற அண்ணனைப் பிள்ளைகளே நச்சரித்து அதை டவுன்லோடு செய்ய வைத்துவிடுவார்கள்.

ஆட்களைப் பிடிப்பது

இனி அடுத்த பாதி. வெளியில் இருக்கிற அனிமேஷன்காரர்களோடு எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது?

நான் முதலில் எழுதிய கடிதங்கள் எல்லாம் இப்படி இருந்தன: "மலைப்பகுதிக் குழந்தைகளுக்குத் தங்கள் மேலான வழிகாட்டுதல் தேவை." பதினோரு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. வழிகாட்டுதல் என்று கேட்டால் என்ன கொடுப்பது, எத்தனை மணி நேரம் கொடுப்பது? பிறகு மாற்றிக்கொண்டேன். பிள்ளைகள் செய்த எட்டு விநாடிப் படத்தின் இணைப்பு, அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: "இந்தக் காட்டெருமை மிதக்கிற மாதிரி இருக்கிறது, கனமாகத் தெரிய என்ன செய்யலாம்?" அனுப்பிய ஐந்து பேரில் மூன்று பேர் அதே வாரம் பதில் எழுதினார்கள், ஒருவர் நம் படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டுத் திருத்தி அனுப்பினார். அனிமேட்டர்களுக்கு அடுத்தவர் ஷாட்டைத் திருத்தாமல் இருக்க முடியாது, அந்தக் குணத்தை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

யாருக்கு எழுதுவது? பிரபல இயக்குநர்களை விட்டுவிடுங்கள். மாணவர்களைப் பிடியுங்கள். தரமணியில் இருக்கிற எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் படிப்பு இருக்கிறது, அகமதாபாத்தில் என்.ஐ.டி., மும்பை ஐ.ஐ.டி.-யில் ஐ.டி.சி. என்ற வடிவமைப்புப் பள்ளி. அங்கெல்லாம் படிக்கிறவர்கள் தங்கள் படத்தை யாராவது பார்க்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பார்கள், பதினெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்துக் கேள்வி கேட்கிறோம் என்றால் உடனே வருவார்கள். மும்பையில் 2001 முதல் தி அனிமேஷன் சொசைட்டி ஆஃப் இந்தியா என்று ஒரு சங்கம் நடக்கிறது. உலக அளவில் அசிஃபா என்ற அனிமேஷன்காரர்கள் சங்கம், 1960-ல் பிரான்சின் அன்சியில் தொடங்கியது, இந்தியக் கிளையும் உண்டு.

இன்னொரு கூட்டத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: நம் ஊரிலேயே பிறந்து, சென்னையிலும் பெங்களூரிலும் ஸ்டுடியோக்களில் வேலை பார்க்கிறவர்கள். தமிழ்ப் படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்களில் நம் பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படகர் ஊர்) பெயர் இருக்கலாம், அதற்குள் நாம் தியேட்டரை விட்டு எழுந்து போயிருப்போம். இவர்கள் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் கோடை சீசனுக்கும் ஊருக்கு வருவார்கள். டீக்கடையில் சொல்லி வையுங்கள். எங்களுக்கு அப்படி ஒரு அக்கா கிடைத்தார், வி.எஃப்.எக்ஸ். கம்பெனியில் ரோட்டோ வேலை, நடிகர்களின் உருவத்தை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கோடு போட்டு வெட்டி எடுப்பது. "அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை, அனிமேஷன்னே சொல்ல முடியாது" என்று கூச்சப்பட்டார். மாக்ஸ் ஃபிளைஷர் 1915-ல் தம்பிக்குக் கோமாளி வேஷம் போட்டு ஆட விட்டு, அந்த ஃபிலிமைக் கண்ணாடியில் விழ வைத்து ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்த கதையைப் பிள்ளைகள் அவருக்குச் சொன்னார்கள், ரோட்டோஸ்கோப் என்ற பெயரே அங்கிருந்துதான் வந்தது. பத்து வருஷமாக அந்தச் சொல்லைத் தினமும் சொல்கிறவருக்கு அது தெரியாது. அன்றைக்கு அவர் இரண்டு மணி நேரம் இருந்தார், ஒரு ஷாட்டைத் திறந்து ஒரு முடிக்கற்றையை எப்படித் தனியாக எடுப்பது என்று காட்டினார்.

வருகிறவரிடம் வாழ்க்கை வரலாறு கேட்காதீர்கள், அது சீக்கிரம் போரடித்துவிடும். ஒரு பந்தைத் துள்ள வைத்துக் காட்டுங்கள் என்று தாளை நீட்டுங்கள். வீடியோ காலில் என்றால் முந்தின நாளே சிக்னல் எங்கே நிற்கிறது என்று பார்த்து வையுங்கள், எங்கள் நூலகத்தில் பின்பக்க வாசற்படியில் மட்டும்தான் கிடைக்கும், பதினெட்டுப் பேரும் படிக்கட்டில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்துதான் பேசினோம். எழுதுவதும் பேசுவதும் உங்கள் கணக்கிலிருந்தே நடக்கட்டும், பிள்ளைகளின் நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள். முகம் தெரிகிற மாதிரி எதையும் இணையத்தில் போடுவதற்கு முன் வீட்டில் கேளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு நாள் திரையிடல் வைத்தே ஆக வேண்டும், அதற்கு அக்டோபர் 28-ஐ விடப் பொருத்தமான நாள் இல்லை. 1892-ல் அதே நாளில் பாரிசில் எமில் ரேனோ தாம் கையால் வரைந்து கலர் அடித்த படங்களை மக்கள் முன் ஓட்டினார், சினிமாவைத் தொடங்கி வைத்த லூமியர் சகோதரர்களுக்கு மூன்று வருஷம் முன்னால். பிறகு சினிமா வந்து அவரை ஒதுக்கிவிட்டது, கடைசியில் மனமுடைந்து பெரும்பாலான படங்களை சேன் நதியில் எறிந்துவிட்டார். அசிஃபா 2002 முதல் அந்த நாளை உலக அனிமேஷன் தினமாகக் கொண்டாடுகிறது, ஊர் ஊராகத் திரையிடல் நடக்கும், நம்முடையதும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

ஆனால் அது வடகிழக்கு மழைக்காலம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் வரவழைக்க அந்த நாளை நம்பாதீர்கள், எங்காவது மண் சரிந்தால் விருந்தினர் மலைப்பாதையில் பர்லியாறோடு நின்றுவிடுவார். உள்ளூர் ஆட்களோடு நடத்துங்கள், கரண்ட் போகும் என்று எண்ணியே லேப்டாப்பை முழுசாக சார்ஜ் செய்து வையுங்கள். காட்டுகிற படங்களில் ரொம்பப் பழையவையும் பிள்ளைகளுடையவையும் இருந்தால் உரிமைத் தொல்லை இல்லை, இந்தியாவில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை 60 வருஷம். வரைந்த தாள்களைக் கட்டாகக் கட்டி வாசலில் வையுங்கள், வருகிறவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். ஈரத்தில் தாள் சுருண்டுவிடும் என்பதால் கடைசி நிமிஷம் வரை பிளாஸ்டிக் கவரிலேயே இருக்கட்டும். முடிவில் பெயர்கள் ஓடும்போது கலர் அடித்தவர், செங்கல் பிடித்தவர், கொழுந்து பறித்துக் காட்டிய அம்மா எல்லோர் பெயரும் வர வேண்டும், அதைப் படித்து முடிக்கிற வேகத்தில் ஓட விடுங்கள். ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், கடைசி பஸ்ஸை விட்டால் இருட்டில் காட்டுமாட்டோடுதான் நடக்க வேண்டும்.

போன வருஷத் திரையிடலுக்கு ரோட்டோ அக்கா வந்திருந்தார். காட்டெருமையைப் பார்த்துவிட்டு, பின்கால் ஊன்றும்போது இடுப்பு இறங்கவில்லை, இரண்டு படம் கூடுதலாக வேண்டும் என்றார். ஷீட் தீர்ந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை யார் வீட்டு எக்ஸ்ரே வருகிறது என்று பார்க்க வேண்டும்.